யாழும் பர்மிய வில்யாழும்: ஒரு சொல்லின் பொருள்

சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் பயிலும் 'யாழ்' என்னும் சொல்லைப் பிறமொழியில் 'வீணை' எனப் பெயர்ப்பதுண்டு. பெங்களூருவிலிருந்து கன்னடத்தில் பெயர்ப்போர்க்கும் எளிதில் கிட்டும் சொல் அதுவே. கருவி வழக்கொழிந்து பெயர் மட்டும் எஞ்சியதால் நேர்ந்த இடர்ப்பாடு இது. இதனைத் தீர்க்க, மியன்மாரில் இன்றும் வாசிக்கப்பெறும் 'சௌங் கௌக்' துணைபுரிகிறது.

வீணையில் மெட்டுகளின்மேல் நரம்பை அழுத்தி, ஒரே நரம்பில் பல சுரங்களை எழுப்பலாம். யாழிலோ ஒவ்வொரு சுரத்திற்கும் தனித்தனி நரம்பு வேண்டும். பேரியாழுக்கு 21, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 எனக் கூறப்படும் நரம்புத்தொகையும், 'நரம்பு' என்ற சொல்லே சுரத்தைக் குறித்தமையும் இதனால் விளங்கும். விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' (1947) இக்கருவியின் வில் வடிவை விரிவாக ஆராய்ந்தது.

பர்மியக் கருவியின் படகு போன்ற உடல் பத்தரையும், அதன்மேற் போர்த்த மான்தோல் பச்சையையும், வளைந்த கழுத்து கோட்டையும் ஒத்துள்ளன. அக்கழுத்தில் நரம்புகளைப் பிணிக்கும் சிவப்பு நூற்கயிறுகள், உரைகாரர் 'வார்க்கட்டு' என விளக்கும் திவவை நினைவூட்டுகின்றன. திவவை 'மெட்டு' எனப் பெயர்த்தால் யாழ் வீணையாகிவிடும்.

வில்யாழ் அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தனின் நாணயத்திலும் காணப்படுகிறது. பர்மாவில் ஸ்ரீக்ஷேத்திரத்தின் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பம் இதனைக் காட்டுகிறது. கி.பி. 802இல் சீனத் தலைநகர் சென்ற பியூ இசைக்குழுவிலும் இக்கருவி இருந்தது. இஃது இந்தியாவிலிருந்து சென்றதென்பது அறிஞர் பலர் கொள்கை. ஆயினும் தமிழகத்திலிருந்தே நேராகச் சென்றதென நிறுவ வடிவொப்புமை மட்டும் போதாது. அங்கு அரசவை ஆதரவால் இது வளர்ந்தது. மியாவதி மிங்ஜி ஊ சா (1766–1853) நரம்புகளை 13 ஆக உயர்த்தினார். இன்று 16 நரம்புகள் உள்ளன. இந்தியாவிலும் மத்தியப் பிரதேசப் பர்தான் மக்களின் ஐந்து நரம்புப் 'பின்பாஜா' இம்மரபின் எச்சமாகும்.

பண்டை வடமொழியில் 'வீணா' என்பதும் வில்யாழைக் குறித்ததென ஆனந்த குமாரசுவாமி 1930இல் காட்டினார். எனினும் இன்றைய வாசகர் மனத்தில் அச்சொல் மெட்டுடைய கருவியையே எழுப்பும். ஆகவே 'யாழ்' என்பதை அவ்வாறே நிறுத்தி, முதலில் வருமிடத்தில் வில்வடிவ நரம்புக்கருவி என விளக்குதலே மூலத்திற்கு ஏற்புடைத்து.