நோயாளியின் அருகமர்ந்த கோமகள்

தொண்டு என்னும் தலைப்பில் கட்டுரை வரையச் சொன்னால், நம் மாணவர்களுள் பலர் ஏழைக்குப் பொருள் கொடுப்பதை மட்டுமே எழுதி முடித்துவிடுகின்றனர். கொடுத்தல் நன்றே. ஆயினும் கொடுப்பதோடு நில்லாது, தம் கைகளாலேயே பணி செய்த ஒரு கோமகளின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகின்றோம்.

அவர் பெயர் ஆலிஸ். 1843ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள், விக்டோரியா மகாராணியாரின் மூன்றாம் குழந்தையாக இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் இளவரசர் நோயுற்றபோது படுக்கையருகே இருந்து பேணியவர் இவரே. 1861ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தந்தையார் மறைந்தார். அந்நாளில் ஜெர்மனி பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அவற்றுள் ஒன்றாகிய ஹெஸ்ஸேயின் இளவரசர் லூத்விக்கை 1862இல் மணந்து, ஆலிஸ் டார்ம்ஸ்டாட் நகருக்குச் சென்றார்.

அங்கே 1864இல் நிகழ்ந்ததை அவர் தம் அன்னையாருக்குக் கடிதத்தில் எழுதியுள்ளார். பிள்ளை பெற்று நலிந்து கிடந்த ஓர் ஏழைப் பெண்ணைக் காண, தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் சென்றார். அழுக்கடைந்த முற்றத்தைக் கடந்து, இருண்ட படிகளில் ஏறினால் ஒரே அறை. அதற்குள்ளேயே முழுக் குடும்பமும் அடுப்பும். உடன் வந்த தோழியிடம் மற்றப் பிள்ளைகளை ஒப்படைத்துக் கீழே அனுப்பினார். பின்பு அப்பெண்ணுக்கு உணவு சமைத்தார், படுக்கையைச் சீர்செய்தார், கண்ணோய் கண்டிருந்த பச்சிளங் குழந்தையின் கண்களைக் கழுவினார். அப்போது அவருக்கு இருபத்தொரு வயதுகூட நிரம்பவில்லை. அரண்மனையில் வளர்ந்தவருக்கு அடுப்படி வேலை எங்ஙனம் வந்தது என்று நாமும் வியந்ததுண்டு!

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டது. ஹெஸ்ஸே ஆஸ்திரியாவின் பக்கம் நின்றது. கணவர் போர்க்களத்தில், ஆலிஸோ நிறைமாதக் கருவுற்றிருந்தார். அந்நிலையிலும் காயமுற்ற வீரர்களுக்கான உதவிகளைத் திரட்டுவதில் முனைந்தார். இரக்கம் மட்டும் போதாது, நோயாளியைப் பேணுதல் முறையாகக் கற்க வேண்டிய தொழில் என்பதை அவர் தெளிந்திருந்தார். புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடம் கடித வழி ஆலோசனை கேட்டார். 1867இல் மகளிர் சங்கம் ஒன்றை நிறுவி, தாதியர் பயிற்சிக்கு வழிசெய்தார். 1870இல் பிரான்சுடன் போர் வந்தபோது அப்பயிற்சி பெரிதும் பயன்பட்டது.

1877இல் லூத்விக் ஆட்சிக்கு வர, ஆலிஸ் பெருங்கோமகளானார். மறு ஆண்டு நவம்பரில் தொண்டை அடைப்பான் நோய் அரண்மனைக்குள் புகுந்தது. கணவரும் ஐந்து குழந்தைகளும் படுத்தனர். அத்தனை பேரையும் அவர் முன்னின்று பேணினார். கடைக்குட்டி மேரி நான்கு வயதில் இறந்தாள். நோயில் கிடந்த மற்றப் பிள்ளைகளிடம் அச்செய்தியைச் சில வாரங்கள் மறைத்து வைத்தார். பின்பு பத்து வயது மகன் எர்ன்ஸ்ட் உண்மை அறிந்து கதறியழுதபோது, தாங்காமல் அவனை அணைத்து முத்தமிட்டார் என்றும், நோய் அவ்வழியே தொற்றியது என்றும் கூறுவர். அருகில் நெருங்குதல் ஆபத்து என்பதை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும், அது பிழை என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

1878ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தந்தையார் மறைந்த அதே தேதியில், ஆலிஸ் காலமானார். வயது முப்பத்தைந்து. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1890இல், பெஹ்ரிங் என்னும் ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்னும் ஜப்பானியரும் இந்நோயின் நச்சை முறிக்கும் வழியை வெளியிட்டனர். இன்று நம் கைக்குழந்தைகளுக்குக் கிளினிக்கில் போடப்படும் தடுப்பூசிகளுள் இந்நோய்க்குரியதும் ஒன்று. டார்ம்ஸ்டாட்டில் ஆலிஸின் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் இயங்கி வருகின்றது.