மீன் தொட்டியில் முளைக்கும் கடல் சாமந்தி: சுரண்டாதீங்க, கொதிக்க வைக்காதீங்க!

வீட்டில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? கல் இடுக்கில் பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி, ஒரு சின்னப் பூ ஆடிக்கொண்டிருப்பதை ஒருநாள் பார்த்திருப்பீர்கள். ‘அட, இலவசமா ஒண்ணு கிடைச்சிருக்கே’ என்று விட்டுவிட்டால், சில மாதங்களில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகிவிடும். அதன் பெயர் ஐப்டேசியா. கடல் சாமந்தி வகை உயிரினம், செடி அல்ல. கடையில் வாங்கிய கல்லிலோ பவளத் துண்டின் அடியிலோ ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும். விரல் போன்ற நீட்சிகளில் இருக்கும் கொட்டும் செல்களால் பக்கத்துப் பவளங்களைத் தாக்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

பார்த்ததும் பலர் செய்யும் காரியம், பிளேடால் சுரண்டுவது. அதுதான் தப்பு. கல்லில் ஒட்டியிருக்கும் அதன் அடிப்பாகத்தில் துளி மிஞ்சினாலும் அது புது உயிராக வளர்ந்துவிடும். ஒன்றைச் சுரண்டி ஐந்தாக்கிக்கொள்வோம். பாதி நசுக்கி விடுவதும் அதே கதைதான்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய வழி சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற டப்பா சுண்ணாம்பு வேண்டாம், அதில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம். மீன் தொட்டிக் கடைகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு பொடி என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு, தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, சிரிஞ்சில் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு, நுனியை மேலிருந்து மெதுவாகக் கொண்டுபோய் அதன் வாயை மூடுகிற மாதிரி விடுங்கள். தொட்டுவிட்டால் சட்டென்று துளைக்குள் சுருங்கிக்கொள்ளும், அவசரப்படாதீர்கள். இருபது நிமிடம் கழித்து மோட்டாரைப் போடலாம். ஒரே நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு அதிகமானால் தண்ணீரின் காரத்தன்மை ஏறி மீன்களே செத்துப்போகும். சின்னத் தொட்டி என்றால் இன்னும் குறைவாகச் செய்யுங்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் என்னாகும் என்று நம் வீடுகளில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். தெறித்துவிட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ‘கல்லையே எடுத்துக் கொதிக்க வெச்சிடலாம்’ என்கிற யோசனை. செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கல்லில் பொத்தான் போன்ற ஜோந்திட், பாலிதோவா வகைகள் ஒட்டியிருந்தால், அவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும், சூடான தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் அது ஆவியிலும் சாரலிலும் கலந்து வீடு முழுக்கப் பரவும். சமைப்பதால் இந்த விஷம் அழியாது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் மீன் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த விஷம் பரவி, ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது. உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களும்கூடச் சேர்க்கப்பட்டார்கள். தொட்டியைச் சுத்தம் செய்த பிறகு மூச்சுத்திணறல், காய்ச்சல், தசைவலி, நாக்கில் கசப்பு தெரிந்தால், எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். பவளத்தைக் கையாண்டோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கு எட்டாத இடங்களுக்கு இதைத் தின்னும் உயிர்களை விடலாம். பெர்கியா என்ற சின்னக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது, தீர்ந்துவிட்டால் பட்டினியில் செத்துவிடும். பெப்பர்மின்ட் இறாலும் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னாது. வாங்கும்போது பாருங்கள்: அதே மாதிரி இருக்கும் ஒட்டக இறாலுக்கு முதுகில் கூன் இருக்கும், அது பவளத்தையே தின்னும். காப்பர்பேண்ட் மீன் பெரிய தொட்டிக்குத்தான் சரி.

வாரம் ஒருமுறை ஒரே கோணத்தில் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். புதிதாக முளைத்தது தெரிந்துவிடும். புதுக் கல்லைத் தனி வாளியில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகு தொட்டியில் போடுங்கள்.

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போகும்போது ‘ஒரு கல் எடுத்துட்டு வரலாமே’ என்று நினைக்காதீர்கள். பாறை அமைக்கும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம்.

கழித்த தண்ணீரையும் கல்லையும் கடற்கரையிலோ முகத்துவாரத்திலோ கொட்டாதீர்கள். தண்ணீரை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுங்கள்.