யாழ்ப்பாணத்துக்கு ஏன் 40000? தெரியுமா?

வங்கியிலிருந்து வந்த கடித உறை ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் 40000 என்ற தபாற் குறியீடு இருக்கும். அந்த முதல் 4 இருக்கிறதே, அது வடக்கு மாகாணம் முழுவதற்கும் உரியது! இலங்கையில் மாகாணங்கள் ஒன்பது. 1 முதல் 9 வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம். மேல் மாகாணம் 1, மத்திய மாகாணம் 2, கிழக்கு 3, நாங்கள் 4, ஊவா 9. இரண்டாவது இலக்கம் மாவட்டத்தைச் சொல்லிவிடும்: 40 யாழ்ப்பாணம், 41 மன்னார், 43 வவுனியா. மிச்ச மூன்றும் தபாற்கந்தோருக்கு. கண்டி 20000, பக்கத்துப் பேராதனை 20400.

அப்படியானால் பூச்சியம் யாருக்கு? கொழும்பு மாநகரத்துக்கு! 1997இல் ஐந்திலக்க முறை வந்தபோது, கொழும்பு 1 முதல் 15 வரையான பழைய எண்களை ஒருவரும் அழிக்கவில்லை. அப்படியே உள்ளே வைத்துவிட்டார்கள். வெள்ளவத்தை கொழும்பு 6 அல்லவா? 00600. கொட்டாஞ்சேனை கொழும்பு 13, ஆகவே 01300. வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைக்குள் கால் வைத்தீர்களோ, 10350!

சரி, புதுக்குடியிருப்புக்கு ஒரு கடிதம் போடுங்கள் பார்ப்போம். எந்தப் புதுக்குடியிருப்பு? முல்லைத்தீவில் ஒன்று, மன்னாரில் ஒன்று, மட்டக்களப்பில் இன்னொன்று! கொக்குவில் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? மட்டக்களப்பிலும் ஒரு கொக்குவில் இருக்கிறது. உறையில் தொடக்கம் 3 என்றால் அது கிழக்கு, 4 என்றால் வடக்கு. வடக்கில் உள்ள இரண்டு புதுக்குடியிருப்பையும் இரண்டாவது இலக்கம் பிரித்துவிடும். குழப்பம் அந்த இடத்திலேயே தீர்ந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிய அதிசயம் இதுதான்: முகவரி முழுவதும் தமிழில் இருக்கட்டும், அதை மாத்தறையில் கையில் எடுப்பவருக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாமல் இருக்கட்டும். 40 என்பதைக் கண்டதும் கடிதம் யாழ்ப்பாணப் பைக்குள் விழுந்துவிடும்! மூன்று மொழி எழுதும் நாட்டில் இது எவ்வளவு பெரிய உதவி!

இந்தியாவுக்கும் இதே தலையிடி இருந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், எத்தனையோ எழுத்துகள். 1972 ஆகஸ்ட் 15இல் ஆறிலக்கப் பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞர், தெரியுமா? சபரிமலை ஐயப்பனுக்கே 689713 என்று தனிப் பின்கோடு. மண்டல, மகரவிளக்குக் காலத்தில்தான் அந்தத் தபாற்கந்தோர் திறந்திருக்கும்! கனடாவிலோ எழுத்தும் இலக்கமும் மாறி மாறி வரும். ஸ்காபுறோவில் இருக்கும் மச்சாளின் முகவரியைப் பாருங்கள்: எம்1 என்று தொடங்கும். எம் என்றால் ரொறன்ரோ, 1 சேர்ந்தால் ஸ்காபுறோ.

இலக்கம் கடிதத்தைக் கந்தோர்வரை கொண்டுவந்து சேர்க்கும். அதற்குப் பிறகு நெடுந்தீவுக் கடிதம் குறிகட்டுவானில் படகேற வேண்டும். ஒழுங்கையும் குறிச்சியும் வீட்டுப் பெயரும் தபால்காரரின் நினைவில்தான் இருக்கின்றன. ஆகவே இனிக் கடிதமோ பார்சலோ அனுப்பும்போது, ஊர்ப்பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். கீழே அந்த ஐந்து இலக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டாமல், தெளிவாக எழுதுங்கள்.