மாடியில் தேவாலயம்... கீழே கிடங்கு, சிறை! - தரங்கம்பாடி கோட்டையில் நாம் கவனிக்காத பக்கம்

காரைக்காலில் பஸ் ஏறி வடக்கே போனால், நண்டலாறு தாண்டியதும் தமிழ்நாடு. சுமார் 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. காரைக்கால்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் இந்தக் கடற்கரையும் ஒரு சாய்ஸ். கோட்டை முன்னால் ஒரு செல்ஃபி, கையில் சுண்டல், இருட்டுவதற்குள் வீடு. பெரும்பாலும் அவ்வளவுதான்.

அடுத்த முறை போகும்போது பத்து நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். அந்தக் கோட்டையை ஒரு 'வீடாக' நினைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து பாருங்கள்.

கோட்டைக்குள் ஒரு வீடு

1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கட்டியது இந்த டேன்ஸ்போர்க் கோட்டை. கட்ட வந்தவர் ஓவ் கெட் என்ற கடற்படைத் தளபதி. வியாபாரம், பாதுகாப்பு, குடித்தனம் எல்லாமே ஒரே மதிலுக்குள் நடக்க வேண்டும். அதற்கேற்றபடிதான் கட்டடத்தைப் பிரித்திருக்கிறார்கள்.

மதிலை ஒட்டிய பகுதிகளில் படைவீரர்கள் தங்குமிடம், கிடங்கு, சமையலறை, சிறை. பிரதான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தடித்த சுவர்களும் வளைவுக் கூரைகளும் கொண்ட அறைகள். சரக்கு வைக்கும் உக்கிராணம் அதுதான். மாடியில் கவர்னர், மூத்த வணிகர், பாதிரியார் ஆகியோரின் குடியிருப்பு. கூடவே ஒரு தேவாலயம்.

இந்தப் பிரிவினைக்குக் காரணம் அந்தஸ்து மட்டுமில்லை. டெல்டா கடற்கரையில் கல் கிடைக்காது. செங்கல்லும் சுண்ணாம்பும்தான். மேல் மாடியின் பாரத்தைத் தாங்க வேண்டுமென்றால், கீழே சுவர் தடிமனாக இருக்க வேண்டும், கூரை வளைவாக இருக்க வேண்டும். அதனால் கீழே வெளிச்சமும் காற்றும் குறைவு. கடல் காற்று முழுக்க மாடிக்கு. மூட்டை சுமந்தவர்களின் பொழுது அந்தக் கீழ்த்தளத்தில்தான் கழிந்தது. கவர்னர்களின் பெயர்கள் வரலாற்றில் பதிவாகியிருக்கின்றன. சுமந்தவர்களின் பெயர்களை அங்கே எந்தச் சுவரிலும் பார்க்க முடியாது.

ஒரு விதவையின் வழக்கு

ஊர் பெருகியதும், 1701-ல் கோட்டைக்கு வெளியே ராஜ வீதியில் சீயோன் தேவாலயம் எழுந்தது. ஏழு வருடம் கழித்து அதன் பெயரும் கோட்டைச் சிறையும் ஒரே சம்பவத்தில் சேர்ந்தன.

முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மனைவி, கணவரை இழந்தவர். கணவரின் கடன் விஷயத்தில், டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவரோடு அவருக்குத் தகராறு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்திருந்த பாதிரியார் சீகன்பால்கு அந்தப் பெண்ணின் பக்கம் நின்றார். 'டேனிஷ் தேவாலயத்தில் கோட்டைத் தளபதியின் முன்னால் மண்டியிட்டு நியாயம் கேளுங்கள்' என்பது அவர் சொன்ன யோசனை.

தளபதி ஹாசியஸுக்கு இது கலகமாகத் தெரிந்தது. சீகன்பால்குவைப் பிடித்துக் கோட்டையில் அடைத்தார். சுமார் நான்கு மாதச் சிறை. அதிலிருந்து வெளியே வந்தவர்தான் பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, இதே ஊரில் அச்சிட்டவர். 1719-ல் இறந்த அவரது கல்லறை, அதே ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் இருக்கிறது.

பங்களாவிலிருந்து மியூசியம் வரை

1784-ல் கவர்னர் வீடு கோட்டைக்கு வெளியே மாறியது. 1845-ல் ஊரே ஆங்கிலேயர் கைக்கு விற்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் கோட்டை பயணியர் மாளிகையாக ஓடியது. 1978-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை பொறுப்பேற்று, உள்ளே அருங்காட்சியகம் அமைத்தது. 2000-க்குப் பிறகு டென்மார்க்கின் உதவியோடு புதுப்பிப்பு வேலைகளும் நடந்தன.

ஆனால், கடல் சும்மா இருப்பதில்லை. பக்கத்திலேயே இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமியையும் இந்த ஊர் பார்த்தது. உப்புக்காற்று செங்கல்லையும் சுண்ணாம்பையும் அரித்துக்கொண்டே இருக்கும். பராமரிப்பில் கொஞ்சம் அசந்தாலும், கோட்டையைத் தாங்கி நிற்கும் சுவர்கள்தான் பலமிழக்கும்.

அதனால், மாடியில் நின்று கடலைப் பார்த்து முடித்ததும் இறங்கி, கீழே இருக்கும் வளைவு அறைகளையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். குழந்தைகளைக் கூட்டிப்போனால், மூட்டை சுமந்தவர்களைப் பற்றியும் அந்த விதவையைப் பற்றியும் சொல்லுங்கள். கோட்டையின் கதையில் அவர்களுக்கும் பங்கு உண்டு!