இல்லாத தாடியும் தோற்ற போரும்

778-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 15. ஸ்பெயினிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிராங்க் படை, பிரனீஸ் மலையின் குறுகலான கணவாய்க்குள் ஒற்றை வரிசையாக நீண்டு கிடந்தது. முன்னால் போனவர்கள் மலையைத் தாண்டிவிட்டார்கள். மூட்டை முடிச்சுகளோடு கடைசியில் வந்த காவல்படை மீது, மேலே காட்டுக்குள் பதுங்கியிருந்த பாஸ்க் மலைவாசிகள் பாய்ந்தார்கள். ஒருவர் விடாமல் வெட்டிச் சாய்த்துவிட்டு, சாமான்களைச் சுருட்டிக்கொண்டு, கவிந்துவந்த இருட்டில் ஆளுக்கொரு திசையாக மறைந்துபோனார்கள். பழிவாங்கலாம் என்றால் யாரைத் துரத்துவது என்றே தெரியவில்லை.

அந்தப் படையின் அரசர் சார்லமேன். 22 ஆண்டுகள் கழித்து, 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், ரோமில் போப் மூன்றாம் லியோவின் கையால் பேரரசராக முடிசூட்டிக்கொண்டவர். இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி, வட இத்தாலி ஆகியவற்றின் பெரும்பகுதி அவர் ஆட்சிக்குள் வந்தது. அப்படிப்பட்டவரின் அரசவை ஆண்டுக்குறிப்பு, இந்தத் தோல்வியைப் பற்றி முதலில் மூச்சே விடவில்லை. பின்னாளில் அதைத் திருத்தி எழுதியவர்தான் நடந்ததை ஒப்புக்கொண்டார்.

மறைக்கக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, பாடர்போர்ன் நகருக்கு பார்சிலோனாவின் முஸ்லிம் ஆளுநரே நேரில் வந்து, கோர்தோபா அமீருக்கு எதிராகத் துணை கேட்டிருந்தார். அதை நம்பிப் படையெடுத்தால், சரகோசா நகரம் கதவைத் திறக்க மறுத்துவிட்டது. வெறுங்கையோடு திரும்பும் வழியில் சார்லமேன் பம்ப்லோனா நகரின் மதிலை இடித்துத் தள்ளினார். அது பாஸ்க் மக்களின் ஊர். கணவாயில் விழுந்த அடியின் பின்னணி அதுதான். ஆக, நடந்தது மதப்போரே அல்ல. ஒரு முஸ்லிம் ஆளுநரின் அழைப்பில் போன கிறிஸ்தவ அரசரை, வழியில் மலைவாசிகள் அடித்துப் பறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அரசரை அருகிலிருந்து பார்த்த ஐன்ஹார்ட், அவர் இறந்தபின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில், கணவாயில் செத்தவர்களில் மூவரின் பெயரைச் சொல்கிறார். மூன்றாவது பெயர், பிரெத்தான் எல்லைப்புறத்தின் காவல் தலைவர் ரோலண்ட். சில ஏடுகளில் அந்தப் பெயரே இல்லை.

அந்த ஒரு பெயரிலிருந்துதான் ஐரோப்பாவின் பாதி வீரகதைகள் முளைத்தன.

சார்லமேன் வாழ்நாளில் வென்ற போர்களுக்குக் குறைவில்லை. சாக்சன்களோடு மட்டும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டி, கடைசியில் அவர்களை அடக்கினார். அதைப் பற்றியும் ழான் போடெல் என்ற கவிஞர் பிற்காலத்தில் ஒரு காவியம் பாடினார்தான். ஆனால் ஊர் ஊராகப் போனது அதுவல்ல. கதை சொல்லிகளுக்குப் பிடித்துப்போனது, அவர் வாய்திறந்து சொல்ல விரும்பாத அந்த ஒரே நாள்.

ஐன்ஹார்ட் காட்டும் மனிதரையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நல்ல உயரம், தடித்த கழுத்து, சற்றே முன்தள்ளிய தொந்தி. அவ்வளவு பெரிய உடம்புக்குப் பொருந்தாத மெல்லிய குரல். சுட்ட இறைச்சி என்றால் உயிர். அதை விட்டுவிட்டு வேகவைத்ததைத் தின்னச் சொன்ன வைத்தியர்களைக் கண்டாலே ஆகாது. தூக்கம் வராத இரவுகளில் எழுத்துப் பழகுவதற்காகத் தலையணைக்கு அடியில் எழுதுபலகை வைத்திருந்தார். காலம் கடந்து தொடங்கியதால் கை வளையவில்லை. அவர் கடைசிக் கால நாணயங்களில் மீசை இருக்கிறது, தாடி இல்லை.

முந்நூறு ஆண்டுகள் போனதும் ஆளே மாறிவிட்டார். 1100-ஐ ஒட்டிப் பழைய பிரெஞ்சில் உருவான ‘ரோலண்டின் பாடல்’ சுமார் 4,000 அடிகள் கொண்டது. அதன் மிகப் பழைய ஏடு இப்போது ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. கணவாய்ச் சண்டை நடந்தபோது நிஜ சார்லமேனுக்கு வயது முப்பதுகளில்தான். காவியத்திலோ இருநூறைத் தாண்டிவிட்டது. மார்பில் பால்போல் வெண்தாடி புரள்கிறது. ரோலண்ட் அவருடைய தங்கை மகன். பாஸ்க் மலைவாசிகள் காணாமல் போய், அந்த இடத்தில் நான்கு லட்சம் முஸ்லிம் வீரர்கள் வந்து நிற்கிறார்கள். 1095-இல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்த காலத்தின் காற்று அது. பாடலில் ஒரு துரோகியும் தேவைப்பட்டான். ரோலண்டின் மாற்றாந்தகப்பன் கனலோன், பகைவரோடு ரகசியமாகப் பேரம் பேசி, அவனைப் பின்காவலுக்கு நிறுத்திவிடுகிறான்.

காவியத்தின் உயிர், ஊதாத ஒரு கொம்பில் இருக்கிறது. குன்றின்மேல் ஏறிப் பகைப்படையைப் பார்த்த ஒலிவர், யானைத் தந்தக் கொம்பை ஊதி மாமாவை அழைக்கும்படி நண்பன் ரோலண்டிடம் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறான். குலத்துக்கு இழுக்கு என்று ரோலண்ட் மறுத்துவிடுகிறான். இருபதாயிரம் பேரில் அறுபது பேர் மிஞ்சிய பிறகு அவனே ஊதலாம் என்கிறான். அப்போது ஒலிவர் தடுத்து, இப்போது ஊதுவதுதான் இழுக்கு என்று குத்திக்காட்டுகிறான். கடைசியில் ஊதும்போது, ஊதும் வேகத்தில் ரோலண்டின் நெற்றிப்பொட்டு நரம்பு தெறித்து வாயில் ரத்தம் கொப்பளிக்கிறது. அவன் உயிர் போவது பகைவன் வாளால் அல்ல, தன் மூச்சால்.

மலைக்கு அப்பால் சார்லமேன் காதில் அந்த ஓசை விழுகிறது. பக்கத்தில் நிற்கும் கனலோன் சிரிக்கிறான்: ஒரு முயலைக் கண்டால்கூட நாள் முழுக்கக் கொம்பு ஊதுகிறவன்தானே அவன் என்று. அரசருக்குப் புரிந்துவிடுகிறது. துரோகியை அவர் ஒப்படைப்பது சேனாதிபதியிடம் அல்ல, சமையற்காரர்களிடம். அவர்கள் அவன் தாடியைப் பிய்த்து, தடியால் சாத்தி, கரடியைப்போல் கழுத்தில் சங்கிலி மாட்டிப் பொதிக்குதிரைமேல் ஏற்றுகிறார்கள். எந்தச் சந்தைத் திடலில் பாடினாலும் கூட்டம் ஆர்ப்பரித்திருக்கும் இடம் இது.

இத்தனையிலும் பேரரசர் என்னதான் செய்கிறார்? அவருக்காக வானத்தில் சூரியன் நிற்கிறது, தேவதூதன் கனவில் வருகிறான். ஆனாலும் அவர் எப்போதும் ஒரு நாழிகை தாமதம். பழிவாங்குகிறார், ஆனால் காப்பாற்ற முடியவில்லை. பிணங்களுக்கு நடுவே தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுகிறார். எல்லாம் முடிந்து படுத்த இரவில் தேவதூதன் மறுபடி வந்து, இன்னொரு நாட்டில் போர் இருக்கிறது, கிளம்பு என்கிறான். கிழவர் கண்ணீர் விடுவதோடு காவியம் நின்றுவிடுகிறது. வெற்றிக் கதையாகத் தொடங்கிய ஒன்றை இவ்வளவு சோர்வோடு முடித்த கவிஞருக்குத் துணிச்சல் அதிகம்தான்.

பக்தியோடு மட்டும் பார்த்தார்கள் என்றும் சொல்ல முடியாது. சார்லமேன் புனித யாத்திரை போனதாக இன்னொரு பழைய பிரெஞ்சுப் பாடல் உண்டு. அதில் கிரீடம் அணிந்து ராணி முன் நின்று, என்னைவிட இது பொருந்துகிற ராஜா உண்டா என்று கேட்கிறார். கான்ஸ்டான்டினோபிளின் ஹூகோ என்று ராணி பட்டென்று சொல்லிவிட, கோபத்தில் அவனைப் பார்க்கவே கிளம்பிப் போகிறார். அங்கே காற்றில் சுழலும் அரண்மனையில் இவரும் இவருடைய பன்னிரு முதன்மை வீரர்களும் தலைசுற்றித் தரையில் விழுகிறார்கள்.

அரசியலும் தன் பங்குக்குக் கை வைத்தது. 1165-இல் ஜெர்மானியப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா, தனக்கு வேண்டிய எதிர்ப்போப் ஒருவரைக் கொண்டு சார்லமேனைப் புனிதராகவே அறிவிக்க வைத்தார். வட ஜெர்மனியின் வணிக நகரங்களோ ரோலண்டைத் தங்கள் சுதந்திரத்தின் காவலனாக்கிக்கொண்டன. பிரேமன் நகரச் சதுக்கத்தில் 1404-இல் நிறுத்திய ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான கற்சிலை இன்றும் வாளோடு நிற்கிறது. 

இத்தாலிக்கு வந்ததும் கதைக்கு வேறு கிறுக்குப் பிடித்தது. ரோலண்ட் அங்கே ஒர்லாண்டோ. 1516-இல் முதலில் வெளியாகி 1532-இல் முழு வடிவம் பெற்ற லுடோவிகோ அரியோஸ்டோவின் ‘ஒர்லாண்டோ ஃபூரியோசோ’வில், கத்தாய் என்ற நாட்டின் இளவரசி ஆஞ்செலிகாமேல் காதல் கொண்டு அவனுக்குப் பைத்தியமே பிடித்துவிடுகிறது. பூமியில் தொலைந்த பொருள்கள் எல்லாம் நிலவில் போய்க் கிடக்கின்றனவாம். அவன் தோழன் அஸ்டோல்ஃபோ அங்கே போய், ஒரு குப்பியில் அடைத்துக் கிடந்த அவன் புத்தியை எடுத்து வருகிறான். மூக்கால் உறிஞ்சியதும் தெளிந்துவிடுகிறது. பேரரசர் இந்த அமர்க்களத்தில் ஓர் ஓரத்துப் பாத்திரம்.

சிசிலியில் இதே கதைகள் பொம்மலாட்டமாயின. பலெர்மோ பொம்மைகள் முக்கால் மீட்டருக்குச் சற்று மேலான உயரம். மர உடம்பு, உலோகக் கவசம், ஆட்டுவதற்கு நூலுக்குப் பதில் இரும்புக் கம்பி. 19-ஆம் நூற்றாண்டில் கூலிக்காரர்கள் இரவு இரவாக வந்து, மாதக்கணக்கில் நீளும் கதையைத் தொடர்ந்து பார்த்தார்கள். துரோகி கனலோன் (அங்கே கானோ) மேடைக்கு வந்தால் செருப்பு பறக்கும். சண்டை உச்சத்துக்குப் போகும்போது ஆட்டுகிறவர் காலால் பலகையை ஓங்கி மிதிப்பார், கொட்டகையே அதிரும். 2001-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

போர்ச்சுகீசியக் கப்பல்கள் கதையை இன்னும் தூரம் கொண்டுபோயின. ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ தோமே தீவில் ‘சிலோலி’ என்ற நாடகம் இன்றும் திறந்தவெளியில் மணிக்கணக்காக நடக்கிறது. பேரரசரின் மகன் கொலை செய்துவிடுகிறான். தகப்பனே நீதிபதியாக உட்கார வேண்டும். மனுநீதிச் சோழன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த மேடையின் தவிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ராஜ உடைக்கு நடுவே கறுப்புக் கோட்டு வக்கீல்கள் வருகிறார்கள், தட்டச்சுப் பொறியும் தொலைபேசியும் வருகின்றன.

அதே கப்பல்களின் இன்னொரு பாதை கேரளக் கரையில் முடிந்தது. கொடுங்கல்லூர், கொச்சி வட்டாரத்து லத்தீன் கத்தோலிக்கர்களிடம் ‘சவிட்டு நாடகம்’ என்றொரு கலை இருக்கிறது. சவிட்டு என்றால் மிதி; பாட்டுக்கும் செண்டைக்கும் ஏற்ப மரப்பலகை மேடையைக் காலால் மிதித்து ஆடுவதால் அந்தப் பெயர். அதன் புகழ்பெற்ற நாடகம் ‘காறல்மான் சரிதம்’. கார்லோஸ் மாக்னோ என்ற போர்ச்சுகீசியப் பெயர் மலையாள நாக்கில் உருண்டு காறல்மான் ஆகியிருக்கிறது. இதை எழுதியவர் தமிழ்ப் புலவரான சின்னத்தம்பி அண்ணாவி என்பது மரபு. பழைய சுவடிகளின் மொழியும் தமிழ் கலந்ததுதான். கற்றுத்தரும் ஆசானை அண்ணாவி என்கிறார்கள். ஈழத்து நாட்டுக்கூத்திலும் அவர் அண்ணாவியார்தான். நம் தெருக்கூத்தில் வரும் கட்டியக்காரனும் இந்த மேடையில் உண்டு.

வெல்வெட்டும் ஜிகினாவும் மின்ன, தலையில் கிரீடத்தோடு, பலகை நொறுங்கிவிடுமோ என்று பயப்படும்படி மிதித்துக்கொண்டு காறல்மான் நுழைகிறார். பின்னால் பன்னிரு வீரர்கள், எதிரே பகை மன்னர்களின் படை. பாட்டில் பாதி தமிழாகவே காதில் விழுகிறது. கணவாயில் அன்று உண்மையில் ஜெயித்த பாஸ்க் மலைவாசிகளுக்கு மட்டும் இந்த மேடையிலும் வேடம் கிடையாது.