கை கழுவ நேரமில்லாத நர்ஸுகளும் ஒரு செய்முறையும்

கொரோனா காலத்தில் நம் வீட்டு வாசலுக்கு வந்த சானிடைசர், அதற்கு முன்பே மருத்துவமனைகள் வழியாக உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. அந்தக் கதையில் முக்கியமான ஊர், சுவிட்சர்லாந்தின் ஜெனீவா.

அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பைக் கவனித்தவர் டாக்டர் டிடியே பித்தே. கை சுத்தம் செய்ய வேண்டிய நேரங்களில் 100-க்கு 48 முறைதான் ஊழியர்கள் அதைச் செய்தார்கள் என்று 1994-ல் தெரியவந்தது. சோம்பேறிகள் என்று திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவரோ கணக்குப் போட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸுக்கு மணிக்கு இருபது தடவைக்கு மேல் கை கழுவ வேண்டியிருக்கிறது. வாஷ்பேசினுக்கு நடந்து, சோப்பு போட்டு, துடைத்துத் திரும்ப ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. விதிப்படி நடந்தால் வேலை நேரத்தில் பாதி தண்ணீரிலேயே போய்விடும். அப்புறம் நோயாளியை யார் பார்ப்பது?

அதனால் தண்ணீர் தேவைப்படாத ஆல்கஹால் திரவத்தைக் கட்டிலருகிலேயே வைத்தார்கள். 1997-ல் 48 என்பது 66 ஆனது. மருத்துவமனையில் தொற்று கண்ட நோயாளிகள் 1994-ல் 16.9 சதவீதம்; 1998-ல் 9.9. இதெல்லாம் 2000-ல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது.

பணக்கார நாடு, செய்துவிட்டது. ஏழை நாடு? கடையில் விற்கும் பாட்டில் அங்கே கட்டுப்படியாகாது. இங்கேதான் உலக சுகாதார நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. 80 சதவீத எத்தனால், சிறிது கிளிசரால், துளி ஹைட்ரஜன் பெராக்சைடு, மீதி சுத்தமான தண்ணீர் என்று செய்முறையையே எல்லோருக்கும் திறந்து கொடுத்தது. மருத்துவமனை மருந்தகத்திலேயே கலந்துகொள்ளலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் மாலியில், உள்நாட்டுக் கரும்பிலிருந்து வடித்த ஆல்கஹாலில் அதைத் தயாரித்தார்கள். தலைநகர் பமாகோவின் ஒரு பெரிய மருத்துவமனையில் 8 சதவீதமாக இருந்த கை சுத்தம் ஏறத்தாழ 22 ஆனது. இவ்வளவுதானா என்று கேட்பவர்கள், வார்டில் குழாய்கூடச் சரியாக இல்லாத ஊர் அது என்பதை நினைக்க வேண்டும்.

நன்கொடையாக வந்த எத்தனையோ இயந்திரங்கள் உதிரிபாகம் கிடைக்காமல் ஏழை நாடுகளில் தூசி படிந்து கிடக்கின்றன. உள்ளூர்ச் சரக்கில் செய்ய முடிந்ததால் இந்தத் திரவம் பிழைத்தது என்பது என் கணிப்பு.

அடுத்த முறை ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக யாரையாவது பார்க்கப் போனால், நோயாளியைத் தொடும் முன் கட்டிலருகே இருக்கும் பாட்டிலை அழுத்தி, இரண்டு கைகளும் காயும்வரை தேயுங்கள். கையில் அழுக்கு தெரிந்தால் சோப்புதான் சரி. பாட்டில் காலியாக இருந்தால் தயங்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள்.