சங்குசக்கரம் அளவுக்குப் பால்வெளி.. அப்போ பிரபஞ்சம் எவ்வளவு பெரிசு? சிவகாசியை வைத்து ஒரு கணக்கு

சிவகாசியில் தூரத்தில் ஒரு ஃபேன்சி பட்டாசு வெடித்தால், முதலில் தெரிவது வெளிச்சம். ‘டமார்’ சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். வெடிச் சத்தம் கேட்டாலே “எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்?” என்று பதறி விசாரிக்கிற ஊர் இது. அந்தத் தாமதத்தின் அர்த்தம் இங்கே பலருக்கும் தெரியும்.

சத்தம் ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். வெளிச்சம் தெரிந்து 3 விநாடி கழித்துச் சத்தம் வந்தால், வெடித்த இடம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பிரபஞ்சத்தின் அளவைப் புரிந்துகொள்ளவும் இதே தாமதக் கணக்குதான் அடிப்படை.

வெளிச்சமும் தாமதமாக வருமா?

வரும். ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. ஊருக்குள் பார்க்கும்போது அந்தத் தாமதம் தெரியாது. வானத்தில் தெரியும்.

நிலாவிலிருந்து ஒளி வர 1.3 விநாடி. சூரியனிலிருந்து 8 நிமிடம் 20 விநாடி. சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் பிராக்சிமா சென்டாரி. அங்கிருந்து ஒளி வர 4.24 ஆண்டுகள். ஒளி ஒரு வருஷத்தில் போகும் தூரம்தான் ஒரு ஒளியாண்டு. அதாவது, சுமார் 9.5 லட்சம் கோடி கி.மீ.

இந்த எண்களைப் படித்தால் தலை சுற்றும். அதனால், பிரபஞ்சத்தைச் சுருக்கி விருதுநகர் மாவட்டத்துக்குள் வைத்துப் பார்ப்போம்.

கணக்கு 1: சூரியன் ஒரு மணி மருந்து

ஃபேன்சி பட்டாசுக்குள் கலர் கலராகச் சிதறும் சின்ன உருண்டைகள்தான் மணி மருந்து. 1 செ.மீ. அகலமுள்ள ஒரு உருண்டையைச் சூரியன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை சிவகாசி பேருந்து நிலையத்தில் வைக்கிறோம்.

பூமி எங்கே இருக்கும்? அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி. அளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, வெறும் தூசி. கடைசிக் கோளான நெப்டியூன் 32 மீட்டரில் வந்துவிடும். நம்ம சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்களும் பேருந்து நிலைய வளாகத்துக்குள்ளேயே முடிந்துவிட்டன.

அடுத்த நட்சத்திரம்? நேர்கோட்டில் கிட்டத்தட்ட 290 கி.மீ. தூரத்தில். அதாவது மதுரை, திண்டுக்கல், சேலம் எல்லாம் தாண்டி, தருமபுரி பக்கம் இன்னொரு சின்ன உருண்டை. நடுவில் வேறு நட்சத்திரமே கிடையாது.

கணக்கு 2: பால்வெளி ஒரு சங்குசக்கரம்

மேலே சொன்ன அளவிலேயே போனால், நம் பால்வெளி மண்டலம் நிலாவைத் தாண்டிப் போய்விடும். அதனால் இன்னும் சுருக்குவோம்.

பால்வெளியின் அகலம் சுமார் 1 லட்சம் ஒளியாண்டு. குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன. தீப்பொறியைச் சுருள் சுருளாக வீசிச் சுற்றும் சங்குசக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா? பால்வெளியின் வடிவமும் கிட்டத்தட்ட அதுதான். அதை 10 செ.மீ. அகலச் சக்கரமாக சிவகாசியில் வைப்போம். நடுவிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி ஒரு புள்ளி. சூரியன், பூமி, நாம் எல்லாம் அந்தப் புள்ளிக்குள்.

இப்போ தூரத்தைப் பாருங்க:

• பக்கத்துப் பெரிய மண்டலமான ஆண்ட்ரோமெடா (25 லட்சம் ஒளியாண்டு): இரண்டரை மீட்டரில் இன்னொரு சக்கரம்.

• ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்கள் கூடியிருக்கும் விர்கோ கொத்து (5.4 கோடி ஒளியாண்டு): 54 மீட்டர்.

• 2017-ல் புனேயின் ஐயூகா மைய விஞ்ஞானிகள் உள்ளிட்ட இந்தியக் குழு கண்டுபிடித்த ‘சரஸ்வதி’ மாபெரும் கொத்து (400 கோடி ஒளியாண்டு): 4 கி.மீ., கிட்டத்தட்ட திருத்தங்கல் தூரம். அதன் நீளம் மட்டுமே 600 மீட்டர்.

• நம்மால் பார்க்க முடிந்த பிரபஞ்சத்தின் எல்லை (4,650 கோடி ஒளியாண்டு): எல்லாப் பக்கமும் சுமார் 46 கி.மீ.

சிவகாசியை நடுவில் வைத்து 46 கி.மீ.க்கு ஒரு வட்டம் போட்டால் விருதுநகர், சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை, கோவில்பட்டி எல்லாம் உள்ளே வந்துவிடும். திருமங்கலம் விளிம்பில் நிற்கும். ஆக, பட்டாசு ஆலைகள் நிறைந்த இந்த வட்டாரம்தான் நம் பிரபஞ்சம். அதில் பால்வெளி ஒரே ஒரு சங்குசக்கரம்.

சக்கரங்கள் எல்லா இடத்திலும் இருக்குமா?

இல்லை. மண்டலங்கள் சேர்ந்து கொத்துகள், கொத்துகள் சேர்ந்து மாபெரும் கொத்துகள். இவற்றை மெல்லிய இழைகள் இணைக்கின்றன. நடுவில் பல கோடி ஒளியாண்டு அகலத்துக்குப் பெரும் வெற்றிடங்கள். மொத்தத்தில் ஒரு சிலந்தி வலை மாதிரி.

பட்டாசு ஆலையில் ஓர் அறைத் தீ அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்று நாம்தான் இடைவெளி விட்டுக் கட்டுகிறோம். அங்கே இடைவெளி விட்டது ஈர்ப்பு விசை. பொருள் கொஞ்சம் கூடுதலாக இருந்த இடம் மேலும் மேலும் இழுத்துச் சேர்த்துக்கொண்டது. குறைவாக இருந்த இடம் காலியானது.

யாரும் போய் அளக்கலையே, எப்படித் தெரியும்?

ஒரே பெட்டியிலிருந்து இரண்டு புஸ்வாணம் எடுத்து, ஒன்றை அருகிலும் இன்னொன்றை இரண்டு மடங்கு தூரத்திலும் கொளுத்துங்கள். தூரத்தில் இருப்பது நாலில் ஒரு பங்கு வெளிச்சமாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே ரகம் என்று தெரிந்தால், மங்கலை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம்.

வானத்தில் அப்படி ‘ஒரே ரக’ நட்சத்திரங்களை அடையாளம் காணும் வழியை 1912-ல் சொன்னவர் அமெரிக்காவின் ஹென்ரியட்டா லீவிட். பிரகாசம் கூடிக் குறையும் ஒருவகை நட்சத்திரங்களில், அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் காலத்தை வைத்தே உண்மையான பிரகாசத்தைச் சொல்லலாம் என்று அவர் காட்டினார். 1923-ல் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தை எட்வின் ஹபிள் கண்டுபிடித்தார். பால்வெளிக்கு வெளியேயும் மண்டலங்கள் உண்டு என்று உறுதியானது அப்படித்தான்.

இரண்டாவது வழி, கலர். ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் சிவப்பு, பேரியம் சேர்த்தால் பச்சை, சோடியம் என்றால் மஞ்சள், தாமிரம் என்றால் நீலம். பட்டாசுத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம். ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறக் கோடுகளைத் தரும் என்பதை 1859-60களில் ஜெர்மனியின் கிர்ச்சாஃப், புன்சென் இருவரும் நிறுவினார்கள்.

1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் விஞ்ஞானிகள் ஆராய்ந்தனர். மதராஸ் வானாய்வுக்கூடத்தின் நார்மன் போக்சனும் அவர்களில் ஒருவர். சோடியத்தின் மஞ்சளோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டு சூரிய ஒளியில் கவனிக்கப்பட்டது. அதுதான் ஹீலியம். பூமியில் அது பிரித்தெடுக்கப்பட்டது 1895-ல்தான்!

தூரத்து மண்டலங்களின் ஒளியில் இந்தக் கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். தூரம் கூடக் கூட நகர்வும் கூடும் என்று 1929-ல் ஹபிள் காட்டினார். அதாவது பிரபஞ்சம் விரிகிறது. அதனால்தான் பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள் என்றாலும், அதன் எல்லை 4,650 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. ஒளி பயணித்த நேரத்தில் இடமும் விரிந்துகொண்டே இருந்தது.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

பேரியம் நைட்ரேட்டைத் தொழிலில் ‘பச்சை உப்பு’ என்பார்கள். காற்று மாசு வழக்கில் 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. தளர்த்தக் கோரிய உற்பத்தியாளர்களின் மனுவை 2023-ல் ஏற்கவில்லை. இந்த வட்டாரத்தின் பிழைப்பையே அசைத்த பெயர், பேரியம்.

அந்தப் பேரியம் பூமியில் உருவானது இல்லை. சூரியன் பிறப்பதற்கு முன்பே, வயதாகி வீங்கிய நட்சத்திரங்களுக்குள் பெரும்பாலும் உருவாகி, அவை அழியும்போது வெளியே சிதறியது. 2017-ல், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியதை விஞ்ஞானிகள் பார்த்தார்கள். அந்த ஒளியில் ஸ்ட்ரான்சியத்தின் தடயம் இருந்தது. நம்ம சிவப்பு மத்தாப்பில் எரிவதும் அதே தனிமம்தான்.

தீபாவளி ராத்திரி ஒரு வேலை

தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் வானம் நல்ல இருட்டாக இருக்கும். மேகம் இல்லாமல், புகையும் அடங்கியிருந்தால், ஊர் விளக்குகளை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போய் இரவு 9, 10 மணிக்கு வடக்கே அண்ணாந்து பாருங்கள். மங்கலான ஒரு வெண்திட்டு தெரிந்தால், அது ஆண்ட்ரோமெடா. நம் கணக்கில் இரண்டரை மீட்டர் தள்ளிச் சுற்றும் பக்கத்துச் சங்குசக்கரம்.

அந்த வெளிச்சம் கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆகிறது. அது புறப்பட்டபோது பூமியில் நம் மனித இனமே தோன்றவில்லை.